குழலின் அடியில் எழுதியிருப்பது
பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் வயதும் பராமரிப்பும்: ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்று பரணிலிருந்தோ எஸ்டேட் பங்களா அலமாரியிலிருந்தோ வெளியே வந்ததும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது எந்தக் காலத்தது? இதை எப்படிச் சுத்தம் செய்வது? முதல் கேள்வியை வரலாறு படித்தவரிடமும் இரண்டாவதைப் பட்டறைக்காரரிடமும் விடுவது வழக்கம். அதிலும் இரண்டாவதற்குத்தான் எப்போதும் அவசரம். துருவைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, சுவரில் மாட்டிய பிறகுதான் வயதைப் பற்றிய ஆர்வம் பிறக்கிறது. இந்த வரிசை தவறு என்பதே என் வாதம். துப்பாக்கியின் வயதைச் சொல்லும் சான்றும், அது இன்னும் சுடத் தகுந்ததா என்பதைச் சொல்லும் சான்றும் ஒரே இடத்தில், அதே சில அங்குல உலோகத்தின் மீது பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த உலோகத்தைக் குறைக்கும் எந்த வேலையும், எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், பராமரிப்பு ஆகாது. நம் நாட்டில் அதிகம் காணக் கிடைப்பவை பிரிட்டிஷ் துப்பாக்கிகள் என்பதால் அவற்றையே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

சான்று அல்லாததைச் சான்றென்று நம்பும் பழக்கத்திலிருந்து தொடங்கலாம். இரு குழல்களுக்கும் நடுவே மேலே ஓடும் பட்டியில் பெரும்பாலும் ஒரு பெயரும் ஊரும் செதுக்கியிருக்கும். கையில் எடுத்ததும் கண்ணில் படுவது அதுதான். எளிதில் போலி செய்யக்கூடியதும் அதுதான். ஜோசப் மேன்டன் லண்டனின் பெரும் துப்பாக்கிக் கலைஞர், 1835இல் இறந்துவிட்டார். அவர் காலத்துத் துப்பாக்கி, குழலின் வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் வகை. ஆகவே நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கியின் பட்டியில் ஜோசப் மேன்டன் என்று இருந்தால் அது அவர் கைபட்ட பொருள் அல்ல. பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகள் இப்படிப் பெரிய பெயர்களை ஒட்டிய மலிவுச் சரக்கை உலகெங்கும் அனுப்பின. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற பர்மிங்காம் நிறுவனத்தின் புகழில் குளிர்காய, வெறும் ‘ரிச்சர்ட்ஸ்’ என்ற பெயருக்கு முன் ஓர் எழுத்தை மட்டும் போட்டு விற்றதும் உண்டு. ‘லண்டன் ஃபைன் ட்விஸ்ட்’ என்ற வாசகம் லண்டனையே பார்க்காத குழல்களில் தாராளமாகக் கிடைக்கும்.

ஏமாற்று எதுவும் இல்லாத பெயர்கூட வயதைச் சொல்லிவிடாது. கல்கத்தாவின் மேன்டன் அண்ட் கோ, ரோடா, லையன் அண்ட் லையன், சென்னையின் ஓக்ஸ் அண்ட் கோ ஆகிய பெயர்கள் இந்தியாவில் விற்ற துப்பாக்கிகளில் காணப்படும். இவை விற்பனையாளர் பெயர்கள். பொருள் பெரும்பாலும் பர்மிங்காமில், பெயர் தெரியாத பல கைகளில் உருவானது. ஒருவர் குழல் செய்வார், ஒருவர் பூட்டு செய்வார், வேறொருவர் கட்டை பொருத்துவார், கடைசியில் கடைக்காரர் கேட்ட பெயர் பட்டியில் ஏறும். பெரிய லண்டன் நிறுவனங்களின் நிலை வேறு. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்றவை வரிசை எண்ணுக்கு ஏற்ப விற்பனைப் பதிவேடு வைத்திருப்பதால் எண்ணைக் கொண்டே ஆண்டைப் பிடித்துவிடலாம். சில நிறுவனங்களின் முகவரியே துணை செய்யும்: பாஸ் நிறுவனம் 1908 வரை செயின்ட் ஜேம்ஸ் வீதி 73ஆம் எண்ணிலும், பிறகு 1930 வரை டோவர் வீதி 13ஆம் எண்ணிலும், அதன்பின் ஆல்பிமார்ல் வீதியிலும் இருந்தது. பட்டியில் டோவர் வீதி இருந்தால் இருபத்திரண்டு ஆண்டு இடைவெளிக்குள் அதை அடக்கலாம். ஆனால் இந்த வசதி விலையுயர்ந்த சிறுபான்மைக்கு மட்டுமே. மற்றவற்றுக்கு வேறு வழி தேட வேண்டும்.

அமைப்பைப் பார்த்து வயது சொல்வது அடுத்த வழி. இது பெயரைவிட மேல். ஆனாலும் பாதி வேலைதான் செய்யும். தோட்டாவிலிருந்து ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் பிரெஞ்சு வகை 1851 லண்டன் பொருட்காட்சிக்குப் பிறகே இங்கிலாந்தில் பரவியது. குழலைப் பூட்டும் பர்டியின் இரட்டைத் தாழ்ப்பாள் 1863இல் காப்புரிமை பெற்றது. மேலே கட்டைவிரலால் தள்ளும் நெம்புகோலுக்கு ஸ்காட் நிறுவனம் தந்த அமைப்பு 1865. வெளியே குதிரை, அதாவது தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தி, இல்லாத மர்காட்டின் துப்பாக்கி 1871இலும், ஆன்சன், டீலி இருவரின் எளிய பெட்டிப் பூட்டு 1875இலும் வந்தன. சுட்ட தோட்டாவைத் தானே வெளியே எறியும் சவுத்கேட் அமைப்பு 1893. இந்த ஆண்டுகள் எல்லாம் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று மட்டும் சொல்லும். ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்று சொல்லாது. குதிரை வைத்த துப்பாக்கியைப் பார்த்ததும் 1870க்கு முந்தியது என்று முடிவு கட்டுபவர்கள் தவறுவது இங்கேதான். குதிரை இல்லாத வகை வந்த பிறகும் குதிரை வைத்தவை இருபதாம் நூற்றாண்டுக்குள் நெடுந்தூரம் தொடர்ந்து செய்யப்பட்டன. விலை குறைவு, ரிப்பேர் எளிது, தயார் நிலையில் இருக்கிறதா என்பது பார்த்தாலே தெரியும். காலனிகளில் அவற்றுக்கு நல்ல சந்தை இருந்தது. பழைய பாணி பழைய பொருளுக்கு ஆதாரம் ஆகாது.

ஆக, தனித்து நிற்க முடியாத இந்த இரு சான்றுகளை விட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டும். முன்கட்டையைக் கழற்றி, குழலை, அதைப் பூட்டும் இரும்புப் பகுதியான ஆக்‌ஷனிலிருந்து விடுவித்துத் தலைகீழாகத் திருப்பினால், தோட்டா அறையின் கீழே இரண்டு தட்டையான பரப்புகள் தெரியும். துப்பாக்கி பூட்டியிருக்கும்போது யாரும் பார்க்காத இடம் அது. பட்டியில் இருப்பது விளம்பரம் என்றால், இங்கே இருப்பது அரசு ஏற்ற சோதனைச்சாலையின் முத்திரை. லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிடக் கடுமையான மருந்துச் சுமை ஏற்றிச் சுட்டு, வெடிக்காமலும் வீங்காமலும் தாங்கினால் மட்டுமே முத்திரையிட்டார்கள். முத்திரை இல்லாமல் விற்பது குற்றம். இந்த முத்திரைகளின் விதிகள் 1855, 1868, 1875, 1887, 1896, 1904, 1925, 1954, 1989 என்று மாறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு மாற்றமும் உலோகத்தில் புது அடையாளம் ஒன்றைச் சேர்த்தது அல்லது பழையதை நீக்கியது. அந்த மாற்றங்களே இன்று நமக்குக் காலக்கணக்கு.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். குதிரை வைத்த 12 போர் துப்பாக்கி. பட்டியில் கல்கத்தாக் கடைக்காரர் பெயர். குழலின் அடித்தட்டையில், குறுக்காக வைத்த இரு செங்கோல்களும் மேலே கிரீடமும், இடுக்குகளில் சிறு எழுத்துகளும் கொண்ட முத்திரை. அது பர்மிங்காம், அந்த வடிவம் 1813 முதல் 1904 வரை புழங்கியது. பக்கத்தில் சாய்சதுரக் கட்டத்துக்குள் 12, அதன் கீழே சி என்ற எழுத்து. தோட்டா அறையைக் குறிக்கும் இந்தக் கட்டம் 1887 விதிகளோடு வந்தது. அருகே ‘சோக்’ என்ற சொல், அதாவது குழல் வாய்ப்பக்கம் சற்றுக் குறுகியது. அதுவும் 1887க்குப் பிந்தியதே; அதற்கு முன், 1875 முதல், அத்தகைய குழலில் ஒற்றைக் குண்டு போட்டுச் சுடக்கூடாது என்பதற்காக ‘நாட் ஃபார் பால்’ என்று பொறித்தார்கள். புகையில்லா மருந்துக்கான முத்திரை எதுவும் இல்லை. ஆக இந்தத் துப்பாக்கி 1887க்கும் 1904க்கும் இடைப்பட்டது. கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. கடைக்காரர் பெயரும் குதிரையும் சொல்ல முடியாததை ஒரு கட்டமும் ஒரு சொல்லும் சொல்லிவிட்டன. இதே தட்டையில் கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் தனித்தனியே இருந்தால் 1904க்குப் பிந்தியது. தோட்டா அறையின் நீளம் அங்குலத்தில் இருந்தால் 1925 விதிகள். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று இருந்தால் 1954. பார் என்ற அலகில் இருந்தால் 1989. கவசமணிந்த கை வாளேந்தி நிற்க, அதன் கீழே என்.பி. என்று இருந்தால் லண்டன், 1904க்குப் பின். நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. இருந்தால் லியேஜ்; நீள்வட்டத்தின் தலையில் கிரீடம் ஏறியிருந்தால் 1893க்குப் பிந்திய லியேஜ். பட்டியில் லண்டன் என்று எழுதியவரின் குட்டு அங்கே உடைந்துவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: பதினேழு ஆண்டு இடைவெளியைத்தானே தருகிறீர்கள், இதுவா வயது? சேகரிப்பாளருக்கு ஒரே ஆண்டு வேண்டும். விலைச்சீட்டில் ‘சுமார்’ என்ற சொல் பிடிக்காது. ஆனால் சான்று தருவது இடைவெளி என்றால் இடைவெளியைச் சொல்வதே நேர்மை. தமிழ்க் கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டு சிதைந்துபோனால் எழுத்தமைதியைக் கொண்டு நூற்றாண்டு சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. அதே கல்வெட்டைத் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் சுத்தம் செய்து எழுத்தே இல்லாமல் ஆக்கியதைத்தான் குறை சொல்கிறோம். குழலின் அடித்தட்டை கல்வெட்டுக்கு நிகர் என்று நினைத்துக்கொண்டால் போதும், பட்டறையில் பாதித் தவறுகள் நின்றுவிடும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பும் உண்டு. முத்திரை துப்பாக்கி செய்த நாளைக் காட்டாது, சோதித்த நாளைத்தான் காட்டும். கருமருந்துக் காலத்தில் செய்ததைப் பின்னாளில் புகையில்லா மருந்துக்காக மறுபடியும் சோதித்திருக்கலாம், அப்போது புது முத்திரை ஏறும், நாம் பிற்காலப் பொருள் என்று ஏமாறுவோம் என்கிறது அது. மறுப்பு சரியானதுதான். ஆனால் மறுசோதனை முந்தைய முத்திரையை அழிப்பதில்லை. அதன் பக்கத்தில் உட்கார்கிறது. செங்கோல் முத்திரையும் என்.பி. முத்திரையும் ஒரே தட்டையில் இருந்தால் அது முரண்பாடு அல்ல, வாழ்க்கை வரலாறு: 1904க்கு முன் பிறந்தது, பின் ஒருமுறை தேர்வெழுதித் தேறியது. இரண்டில் ஒன்றைத் தேய்த்து எடுத்திருந்தால்தான் ஏமாற்றம் நேரும். ஆக, இந்த மறுப்பு என் வாதத்தைப் பலவீனப்படுத்துவதற்குப் பதில் வலுப்படுத்துகிறது.

இனி வயதைவிட முக்கியமான பகுதி. பழைய முத்திரைகளில் குழலின் உள்விட்டமும் எண்ணாக இருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் 0.729 அங்குலம், 12 போர் என்பது அதுதான். 1887க்குப் பின் இதைக் கூர்மையாக்கி, 13 என்றால் 0.710, 13/1 என்றால் 0.719, 12 என்றால் 0.729, 12/1 என்றால் 0.740 அங்குலம் என்று பொறித்தார்கள். பெயரளவில் 12 போர் துப்பாக்கியின் குழலில் 13 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். தோட்டா அறை 12, குழல் சற்று இறுக்கம், அவ்வளவே. இந்த எண்ணின் பயன் இன்றைக்குத்தான். தோட்டா அறைப் பக்கத்திலிருந்து ஒன்பது அங்குலம் உள்ளே விட்டத்தை அளந்து பொறித்த எண்ணோடு ஒப்பிட்டால், பிறந்த நாளிலிருந்து எவ்வளவு உலோகம் போயிருக்கிறது என்பது தெரியும். 12 என்று பொறித்தது 0.740ஐத் தொட்டுவிட்டால் சோதனை செல்லாது. சட்டப்படி இங்கிலாந்தில் அதை அப்படியே விற்க முடியாது. உலோகம் எங்கே போனது? பெரும்பாலும் சுட்டதால் அல்ல. உள்ளே துருப்பள்ளம் விழுந்தது, யாரோ ஒருவர் பள்ளம் தெரியாமல் இருக்க உள்ளே கடைந்து பளபளப்பாக்கினார், சில பத்தாண்டு கழித்து இன்னொருவர் மறுபடி கடைந்தார். குழலின் உள்ளே கண்ணாடி போல் மின்னும், சுவர் மட்டும் காகிதமாகிவிட்டிருக்கும். நடுப்பகுதியில் சுவர்த் தடிமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்குக்குக் கீழே போனால் தொழிலில் இருப்பவர்கள் தயங்குவார்கள். பள்ளம் விழுந்த குழலைக் கண்டு பயப்படுகிறவர்கள் இப்படி மின்னும் குழலைக் கண்டுதான் அதிகம் பயப்பட வேண்டும்.

இங்கே டமாஸ்கஸ் குழல் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இரும்பும் உருக்கும் கலந்த நாடாக்களை முறுக்கி, ஒரு தண்டின்மேல் சுற்றி, பழுக்கக் காய்ச்சித் தட்டி ஒட்டவைத்துச் செய்த குழல். அமிலத்தில் நனைத்துப் பழுப்பேற்றினால் அலையலையான கோலம் தெரியும். கொடுமணல் அகழ்வாய்வில் உருக்கு உற்பத்தியின் தடயம் கிடைத்த நாடு நம்முடையது என்பதால், இந்தக் கோலம் நம் பழைய உருக்கின் வாரிசு என்று பெருமையோடு சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. நம் உருக்கின் அலை, குகையில் உருக்கிய கட்டிக்குள்ளேயே தானாக அமைவது. துப்பாக்கிக் குழலின் அலை இருவேறு உலோகத்தைக் கொல்லன் முறுக்கிச் சேர்த்ததால் வருவது. அதைவிடப் பரவலான நம்பிக்கை, டமாஸ்கஸ் குழல் என்றால் வெடித்தே தீரும் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பர்மிங்காம் சோதனைச்சாலை பலவகைக் குழல்களை ஒப்பிட்டு வெடிக்கும்வரை சோதித்தபோது, முறுக்கிச் சுற்றிய ஆங்கிலக் குழல் ஒன்று அந்நாளைய உருக்குக் குழல்கள் பலவற்றைவிட முன்னே நின்றது. அதனால் எல்லா டமாஸ்கஸ் குழலும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது; ஒட்டுகளுக்கிடையே மறைந்த துருவை வெளியிலிருந்து பார்க்க முடியாது. குழலின் வகையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், இந்தக் குழலின் இன்றைய விட்டம் என்ன, தடிமன் என்ன, எந்த மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். கருமருந்து முத்திரை மட்டும் உள்ள குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது, குழல் எந்த உலோகமானாலும், மடமை. அறை இரண்டரை அங்குலம் என்றால் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா உள்ளே போய்விடும். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

வெளிப்புறத்துக்கு வருவோம். பழைய நிறத்தை எடுத்துவிட்டுப் புதிதாக நீலமேற்றுவதே நம் ஊரில் அதிகம் நடக்கும் ‘பராமரிப்பு’. இதில் மூன்று நஷ்டம். நீலமேற்றும் முன் பாலிஷ் போட வேண்டும். அந்தப் பாலிஷில் முத்திரைகளின் ஓரம் மழுங்கும், செங்கோல் கோடாகும், கோடு நிழலாகும். இரண்டாவது, இன்றைய தொழிற்சாலை முறையில் கொதிக்கும் காரக் கரைசலில் குழலை அமிழ்த்துவார்கள். ஒற்றைக் குழலுக்கு அது சரி. இரட்டைக் குழலில் பட்டிகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்பற்று வைத்து ஒட்டப்பட்டவை; காரம் அந்தப் பற்றைத் தின்னும். மேலும் இரு குழல்களுக்கும் நடுவே உள்ள குகைக்குள் உப்பு புகுந்துகொள்ளும். வெளியே கருநீலம் மின்ன, உள்ளே பல ஆண்டு துரு வளரும். பற்று நலமாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு: குழலை மட்டும் அடிக்கொக்கியில் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டினால் நீண்ட நாதம் எழ வேண்டும்; மொத்தென்று கேட்டால் எங்கோ பட்டி விட்டிருக்கிறது. மூன்றாவது நஷ்டம், இதற்காகப் பிரிக்கும்போது கெடும் திருகுகள். நல்ல துப்பாக்கியின் திருகுத்தலை நுண்ணிய செதுக்கலோடு இருக்கும். அதன் காடி காகிதக் கனம். கடையில் கிடைக்கும் ஸ்க்ரூடிரைவரின் முனை அதில் சரியாகப் பொருந்தாது. ஒரே திருகலில் செதுக்கலும் காடியும் போய்விடும்.

தொழிலின் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து கேட்கக்கூடியது இது: இங்கிலாந்தின் நிறுவனங்களே வேட்டைப் பருவம் முடிந்ததும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி, பழுப்பேற்றி, கட்டைக்கு எண்ணெய் பூசி, தேய்ந்த இணைப்பை இறுக்கி அனுப்பினவே, அது பயன்பாட்டுப் பொருள், அருங்காட்சியகச் சிலை அல்ல, அதை அப்படியே உறைய வைப்பதுதானே வரலாற்றுக்கு எதிரானது? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பழுதுபார்க்கவே கூடாது என்பது என் நிலைப்பாடு அல்ல. அதே தொழில் வகுத்த விதி ஒன்று எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறது. குழல் கெட்டுப்போனால் அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்னே புதுக் குழாயைச் செருகி ஒட்டும் முறை உண்டு. அப்படிச் செய்தவற்றை மறுபடி சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். குழலில் ‘ஸ்லீவ்டு’ என்று பொறிக்க வேண்டும். பழுது நடந்தது என்பதைப் பழுதே சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஈரத்துருவைக் கட்டுப்படுத்தி மெதுவாக நிறமேற்றும் பழைய முறையில், முத்திரையைத் தொடாமல் செய்தால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பழையதை மறைத்துப் புதியதாகக் காட்டும் வேலையைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். நம் சட்டமும் இதற்குத் துணை. 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளக்குறி எதையும் அழிப்பதையும் மாற்றுவதையும் தடைசெய்கிறது. பாலிஷ் சக்கரத்தில் எண் மறைந்துவிட்டால் ‘சுத்தம் செய்தேன்’ என்ற விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் சட்டத்தோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நூறாண்டு கடந்துவிட்டது, ஆகவே லைசென்ஸ் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் 1898ஐயும் அதற்கு முந்தியதையும் தொன்மையானது என்று பிரிக்கிறது. அந்த ஆண்டு நம் காதிலும் விழுந்திருக்கலாம். இந்தியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு வேறு வகை: வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதம், ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடப் பயன்படாத நிலையில் இருந்தால் மட்டுமே விலக்கு. 12 போர் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. 1890இன் நல்ல துப்பாக்கி அதைச் சுடும். ஆகவே வயது எவ்வளவானாலும் லைசென்ஸ் தேவை. ரிப்பேர் செய்பவருக்கும் உரிமம் தேவை.

மீதி இருப்பது அன்றாடப் பாதுகாப்பு. நம் தட்பவெப்பத்தில் அதற்குத் தனி அக்கறை வேண்டும். பழைய தோட்டாக்களின் வெடிமூடியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் தங்குவது உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது. சுட்ட குழலில் எண்ணெய் மட்டும் பூசி வைத்தவர்கள் உப்பை எண்ணெய்க்கு அடியில் பூட்டி வைத்தார்கள். பள்ளங்களில் பெரும்பகுதி அப்படி வந்தவை. கருமருந்துக் கசடுக்கும் இதே விதி: முதலில் வெந்நீர், பிறகு நன்றாக உலர்த்துதல், கடைசியாக எண்ணெய். எண்ணெயும் அளவோடுதான். குழல் மேல்நோக்கி நிற்க வைத்த துப்பாக்கியில் மிஞ்சிய எண்ணெய் மெல்ல இறங்கி, ஆக்‌ஷன் வழியே பின்கட்டையின் தலைக்குள் ஊறும். வால்நட் மரம் கறுத்து மிருதுவாகி, அதிர்ச்சி தாங்காமல் விரியும். குழல் வாயைக் கீழ்நோக்கி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அழகான தோல்பெட்டி இருந்தால் பெட்டியைத் தனியே வையுங்கள். தோலும் உள்ளே ஒட்டிய கம்பளித் துணியும் ஈரத்தை உறிஞ்சிக் குழலுக்குக் கொடுக்கும். தோலில் தங்கிய பதனிடும் அமிலம் மீதியைச் செய்யும். வெளிப்புறத்துக்கு எண்ணெயைவிட அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகு மேல். மெல்லிய பூச்சு, விரல்ரேகை வியர்வை படாது, முத்திரையின் இடுக்கில் அடைந்து கறுக்காது.

ஆயுத பூஜையன்று ஒரு சங்கடம் உண்டு. சந்தனத்தைக் குழைத்துக் குழலிலும் பூட்டிலும் பொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டு, மறுநாள்வரை அப்படியே விடுவது வழக்கம். ஈரச் சந்தனம் காயும் மட்டும் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பொட்டு வைத்த இடத்தில் வட்டமாக ஒரு துருத்தழும்பு விழுந்துவிடும். பல குடும்பத் துப்பாக்கிகளின் பூட்டுத்தட்டில் காணும் வட்டங்களுக்கு இதையே நான் காரணமாகக் கருதுகிறேன். பொட்டைப் பின்கட்டையின் மரத்தில் வைத்தால் சாஸ்திரத்துக்கும் குறைவில்லை, இரும்புக்கும் கேடில்லை. மரத்துக்குத் தேவை வருடத்துக்கு ஒருமுறை துளியளவு ஆளி விதை எண்ணெய், உள்ளங்கை சூடு ஏறும்வரை தேய்ப்பது, வார்னிஷ் வேண்டாம். வெறும் அறையில் விசையை அழுத்திப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். எதிர்ப்பில்லாமல் அடிக்கும் ஊசி உடையும். அதற்கென்றே செய்த போலித் தோட்டாவைப் போட்டு அழுத்தலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு துப்பாக்கி பட்டறைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், போகும் முன் செய்ய வேண்டியது ஒரு மாலைப் பொழுது வேலை. முதலில் அறைகள் இரண்டும் காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குழலைக் கழற்றி, அடித்தட்டையில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்படி வைத்து இரு குழலின் முத்திரைகளையும் தனித்தனியே படமெடுங்கள். மழுங்கிய எழுத்து நேர்வெளிச்சத்தில் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். துருவை எடுக்கத் தேய்க்காதீர்கள். மெல்லிய எண்ணெயில் ஒருநாள் ஊறவிட்டுப் பருத்தித் துணியால் ஒற்றினால் பெரும்பாலான முத்திரை படிக்கக் கிடைக்கும். குழல், ஆக்‌ஷன், முன்கட்டை மூன்றிலும் வரிசை எண் ஒன்றுதானா என்று பாருங்கள். மாறியிருந்தால் ஏதோ ஒரு பகுதி வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது. உள்விட்டம், சுவர்த் தடிமன், அறை நீளம் மூன்றையும் அளக்கக் கருவி உள்ளவரிடம் அளந்து, பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரரிடம் எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதைத் தொடக்கூடாது என்பதையும் எழுத்தில் கொடுங்கள்: அடித்தட்டையில் பாலிஷ் இல்லை, உள்ளே கடைசல் இல்லை, காரத்தொட்டி இல்லை. படங்களின் ஒரு பிரதியையும் அளவுத் தாளையும் லைசென்ஸ் புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.